இன்று எத்தனையாவது நாள்? – ஜப்பானின் மறைவுக் கிறிஸ்தவர்களும் ஒரு நாட்காட்டியும்

2020 டிசம்பர் முதல் தேதி காலையில் அம்மா கேட்டார்கள்: "ஸ்டார் கட்டணுமா, வேண்டாமா யய்யா?"

அப்பா ஆகஸ்டில் கொரோனாவில் போய்விட்டார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பங்களில் துக்கம் நடந்த வருஷம் பண்டிகை கிடையாது. நட்சத்திரம் கட்டமாட்டோம், முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வீட்டில் சுடமாட்டோம், புதுத்துணி எடுக்கமாட்டோம். சொந்தக்காரர்கள் ஒரு டப்பாவில் பலகாரம் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். சித்தப்பாவும் முந்தின நாளே போன் போட்டு, "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம் மதினி" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் இந்தக் கேள்வி என்றால், காலண்டர்தான் காரணம்.

நகைக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டரில் அப்பா ஒவ்வொரு ஜனவரியிலும் பென்சிலால் வருஷம் முழுவதையும் குறித்து வைத்துவிடுவார்கள். லெந்து ஆரம்பம், பெரிய வெள்ளி, ஊர் அசனம், பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் எல்லாம் இருக்கும். 2020-க்கும் குறித்திருந்தார்கள். அம்மா அன்றைக்குக் காலையில் நவம்பர் தாளைத் திருப்பினால், டிசம்பர் 1 கட்டத்தில் அப்பா கையெழுத்தில் "ஸ்டார்" என்று இருக்கிறது. 15-ஆம் தேதியில் "மாவு".

நான் அப்போது பதில் சொல்லவில்லை. "பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்தது பி.இ., சரித்திரம் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் சொந்தமாகப் படித்ததுதான். அந்த மாதம் வேலையில் ஒரு சின்ன சிக்கல். விடுமுறை நாட்களைக் கணக்கிடும் எங்கள் நிரல் அடுத்த வருஷத்து பெரிய வெள்ளியை ஒரு வாரம் தள்ளிக் காட்டியது. அதைச் சரிபண்ண ஈஸ்டர் தேதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தேடிக்கொண்டு போனவன், ஜப்பானில் போய் நின்றேன். பாதிரியார், கோயில், அச்சிட்ட புத்தகம் எதுவும் இல்லாமல் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்தக் கணக்கை வீட்டுக்குள்ளேயே வைத்துப் போட்டுவந்த விவசாயிகளையும் மீனவர்களையும் பற்றி அங்கே படித்தேன். அந்த டிசம்பரில் எனக்குத் தூக்கம் சரியாக வராது. அதனால் நிறையவே படித்தேன்.

கதை நம் கடற்கரையிலிருந்துதான் தொடங்குகிறது. 1542-இல் இந்தியா வந்த சவேரியார் முத்துக்குளித்துறையில் பரதவர் கிராமங்களில் வேலை செய்தார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணவைத்தார். அதே மனிதர் 1549 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அடுத்த அறுபது வருஷத்தில் அங்கே சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிறிஸ்துமஸுக்கு யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் 'நத்தார்' என்கிறார்கள் அல்லவா, அது போர்த்துகீசிய 'நத்தால்'. ஜப்பானிய விவசாயியின் வாயிலும் அதே சொல்தான் 'நத்தாரா' ஆனது.

பிறகு தடை வந்தது. 1597-இல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் சட்டவிரோதம். 1637-38-இல் ஷிமபாரா கலகம், அதற்குப் பிறகு போர்த்துகீசியர்களுக்குக் கதவடைப்பு. நாட்டில் மிச்சமிருந்த கடைசிப் பாதிரியார் 1644-இல் கொல்லப்பட்டார். அரசாங்கம் அதோடு விடவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்தர் கோயிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும், சாவு வந்தால் அந்தக் கோயில் குருதான் சடங்கு செய்ய வேண்டும். ஐந்து வீடு ஒரு கூட்டு, ஒரு வீட்டில் தப்பு நடந்தால் மற்ற நாலும் பொறுப்பு. பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசு என்று பலகையில் எழுதி ஊர் நடுவே நட்டுவைத்திருந்தார்கள்.

நாகசாகி பக்கத்தில் புதுவருஷப் பிறப்பை ஒட்டி வருஷாவருஷம் ஒரு சடங்கு நடக்கும். பெயர் 'ஃபுமி-எ'. இயேசு அல்லது மரியாள் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து அதை மிதித்துவிட்டுப் போக வேண்டும். ஷுசாக்கு எந்தோவின் 'மௌனம்' நாவலைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த நாவல் மேல் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. அதில் மிதிப்பதா வேண்டாமா என்ற வேதனை பெரும்பாலும் பாதிரியாருடையது. எனக்கு அதைவிட, மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டு, அடுத்த வருஷமும் மிதிக்க வேண்டியிருந்த குடும்பங்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை. அவர்கள் வீட்டுக்கு வந்ததும் மனஸ்தாப ஜெபம் சொல்வார்கள். 'கொன்சிரிசான்' என்று பெயர், போர்த்துகீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. குருவானவர் கிடைக்காத இடத்தில் மனதார வருந்தினாலே மன்னிப்பு உண்டு என்று 1603-இலேயே மிஷனரிகள் ஜப்பானிய மொழியில் ஒரு சிறு நூல் எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறைகளைத் தாங்கியது அந்த ஏற்பாடு. வருஷத்தின் முதல் மாதமே தவறு செய்து மன்னிப்பு கேட்பதில் ஆரம்பிக்கிறது என்றால் அந்த வீட்டுப் பண்டிகைகள் எந்த மனநிலையில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நாட்காட்டிக்கு வருவோம்.

நாகசாகிக்கு வடக்கே சொத்தோமே என்ற கடலோரப் பகுதியில் பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் இருந்தார். அவர் பெயரால் வழங்கும் நாட்காட்டி ஒன்று, 1634-ஆம் வருஷத்துப் பண்டிகைகளை ஜப்பானியச் சந்திரமாதத் தேதிகளில் எழுதி வைத்தது. அதன் பிரதிகள் சொத்தோமே, உரகாமி, கோத்தோ தீவுகள் என்று கைமாறிப் போயின. ஏழு தலைமுறை கழிந்தபின் கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று அவர் சொல்லிப்போனதாக ஒரு வழிவழிப் பேச்சும் உண்டு.

உரகாமி கிராமத்தில் இந்த நாட்காட்டியை வைத்துப் பராமரிக்க ஒருவர் இருந்தார். 'சோக்கத்தா' என்று பெயர், ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் என்று புரிந்துகொள்ளலாம். பரம்பரைப் பதவி. இந்த வாரம் என்ன திருநாள், எந்த நாள் உபவாசம், எந்த நாளில் வயல் வேலை கூடாது, ஊசி எடுக்கக்கூடாது என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். அவருக்குக் கீழே ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். அதற்கும் கீழே வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்ல ஒருவர். மொத்தத் திருச்சபையும் இவ்வளவுதான்.

நிரல் எழுதுபவன் என்பதால் நான் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். கிறிஸ்துமஸை நினைவில் வைப்பது சுலபம், தேதி மாறாது. அவர்கள் அதைக் குளிர்காலத்தில் 'உறைபனி மாதம்' எனப்படும் பதினோராம் சந்திரமாதத்தின் 25-ஆம் நாளில் வைத்துக்கொண்டார்கள். ரோமின் டிசம்பர் 25 சில வருஷம் அதற்குப் பக்கத்தில் வரும், சில வருஷம் தள்ளிப்போகும். கஷ்டம் ஈஸ்டரில்தான். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பிறகு வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. இதற்கு மூன்று கணக்குகள் ஒன்றாக ஓட வேண்டும்: சூரியன், சந்திரன், ஏழு நாள் வாரம். முதல் இரண்டும் ஜப்பானியப் பஞ்சாங்கத்திலேயே இருந்தன. நம்மூரில் பௌர்ணமியைச் சொல்ல யாருக்கும் புத்தகம் தேவையில்லாத மாதிரி, அங்கே மாதத்தின் 15-ஆம் நாள் என்றாலே முழுநிலவுதான். மூன்றாவதுதான் சிக்கல். அன்றைய ஜப்பானில் ஞாயிறு விடுமுறை கிடையாது, ஊர் வாழ்க்கை ஏழு நாள் வாரத்தில் ஓடவில்லை. ஞாயிறு எது என்பதை இவர்களேதான் விடாமல் எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு தலைமுறையில், ஒரே ஒரு கெட்ட வாரத்தில், ஒரு நாள் விட்டுப்போனால் போதும். அதற்கப்புறம் வருகிற எல்லா ஞாயிறும் தப்பாகிவிடும். திருத்திக்கொள்ள வெளியே கேட்க ஆள் கிடையாது.

இது வேலை செய்ததா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 1865-இல் வந்தது.

ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவு திறந்த பிறகு, நாகசாகியில் வெளிநாட்டவர் குடியிருப்புக்காக ஓவுரா என்ற இடத்தில் பிரெஞ்சு மிஷனரிகள் ஒரு கோயில் கட்டினார்கள். மார்ச் 17-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மதிய நேரம். பத்துப் பதினைந்து ஜப்பானியர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பெர்னார் பெத்திஜான் என்ற பாதிரியார் கதவைத் திறந்து உள்ளே விட்டார். அவர் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்ற பொருள்படச் சொன்னார். மரியாள் சொரூபம் எங்கே என்று அடுத்துக் கேட்டார். உரகாமியிலிருந்து வந்தவர்கள்.

இந்தக் காட்சி பிரபலமானது, படமாக எல்லாம் வரைந்திருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கடுத்து நடந்த பேச்சு. பெத்திஜான் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் வேதாகமத்தில் பரீட்சை வைக்கவில்லை, விசுவாசப் பிரமாணம் கேட்கவில்லை. உறைபனி மாதம் 25-ஆம் நாள் ஆண்டவர் பிறந்த நாளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், இப்போது துயரத்தின் காலத்தில் இருக்கிறோம், உங்களுக்கும் இந்த நாட்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். துயரத்தின் காலம் என்றால் லெந்து. ஆமாம், இன்று அதில் 17-ஆம் நாள் என்று பாதிரியார் சொன்னார்.

நான் அந்த ராத்திரியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1865-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால், அதாவது நாற்பது நாளும் நடுவில் வரும் ஆறு ஞாயிறும், சாம்பல் புதன் மார்ச் 1-இல் விழுகிறது. மார்ச் 17 சரியாக 17-ஆம் நாள். கடைசிப் பாதிரியார் செத்து 221 வருஷம் கழித்து, ரோமில் லெந்து நடக்கும்போது உரகாமியிலும் லெந்து நடந்துகொண்டிருந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உரகாமியின் ஏழாவது சோக்கத்தா 1856-இல் நடந்த கைதுகளில் பிடிபட்டு, சிறையிலேயே இறந்துபோனார். ஆக 1865-இல் அந்த ஊருக்கு நாட்காட்டி சொல்லும் தலைவர் இல்லை. ஆனாலும் வாசலில் வந்து நின்ற சாதாரண ஆட்களுக்கு அது என்ன காலம் என்று தெரிந்திருந்தது.

எல்லாமே இப்படிப் பிழையில்லாமல் வந்து சேர்ந்ததா என்றால், இல்லை. அவர்களிடம் 'வானமும் பூமியும் தொடங்கியது' என்ற பொருள்படும் ஒரு கதையேடு இருந்தது. வாய்வழியாக வந்து பின்னால் எழுதப்பட்ட வேதாகமக் கதை. அதில் பொந்தியு பிலாத்து என்ற ஒரே ஆள் உடைந்து, 'பொன்ஷா', 'பிரோத்தோ' என்று ஏரோதின் இரண்டு ஆட்களாகிவிட்டார். குழந்தையைப் பார்க்க வந்த ராஜாக்கள் துருக்கி, மெக்ஸிகோ, பிரான்ஸ் தேசத்துக்காரர்கள். மெக்ஸிகோ எப்படி வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஸ்பானியப் பாதிரிமார் பலர் மெக்ஸிகோ வழியாகத்தான் கப்பல் ஏறி வந்தார்கள். தொழுவத்தில் மாடும் குதிரையும் மூச்சை ஊதிக் குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொண்டது மட்டும் அப்படியே இருக்கிறது. மாட்டோடு வாழ்பவர்களுக்கு அது மறக்குமா? இக்கிட்சுக்கி தீவில் அவர்கள் முணுமுணுக்கும் ஜெபங்களில் லத்தீன் பாட்டுகள் அடையாளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோய்க் கிடக்கின்றன. தத்சுவோ மினகாவா என்ற இசை ஆய்வாளர்தான் உட்கார்ந்து மூலங்களைக் கண்டுபிடித்தார். ஆக அர்த்தம் தேய்ந்தது, பெயர்கள் சிதைந்தன, நாள் மட்டும் நின்றது.

1865 கண்டுபிடிப்போடு சுபம் போட முடியாது. தைரியம் வந்த உரகாமிக்காரர்கள் 1867-இல் சாவுக்குப் புத்தர் கோயில் குருவைக் கூப்பிட மறுத்தார்கள். அரசாங்கம் சுமார் 3,400 பேரை, கிட்டத்தட்ட ஊரையே, மேற்கு ஜப்பானில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பிரித்து நாடுகடத்தியது. 600 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வருஷங்களை உரகாமி மக்கள் 'பயணம்' என்றே சொல்கிறார்கள். 1873-இல் தடைப்பலகைகள் இறங்கின, மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பிற்பாடு கிராம அதிகாரியின் வீட்டு மனையை, அதாவது எங்கே வருஷாவருஷம் வந்து மிதித்தார்களோ அதே இடத்தை, விலைக்கு வாங்கி அங்கே பேராலயம் கட்டினார்கள்.

மறைவுக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ரோமோடு சேர்ந்துவிடவில்லை. இக்கிட்சுக்கி போன்ற இடங்களில் பலர், பாதிரியார் திரும்பி வந்த பிறகும், தாத்தா பாட்டி செய்தபடியேதான் செய்வோம் என்று தனியாகவே இருந்துவிட்டார்கள். மிஷனரிகளுக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருநூறு வருஷம் வீட்டுக்காரர்களே காப்பாற்றிய ஒன்றை, நேற்று வந்தவர் தப்பு என்று சொன்னால் உடனே விட்டுவிட முடியுமா? இன்று அவர்கள் மிகச் சிலராகக் குறைந்துவிட்டார்கள். 2018-இல் யுனெஸ்கோ நாகசாகி வட்டாரத்து மறைவுக் கிறிஸ்தவர் இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உரகாமியின் சோக்கத்தா குடும்பத்துக்குப் பின்னால் மொரியாமா என்ற பெயர். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்து மருத்துவம் படித்த ஒரு மாணவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், 1932 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவர்கள் கூப்பிட்டதால் நடுராத்திரி ஆராதனைக்குக் கூடப் போனார். அவர்தான் தகாஷி நகாய். பிறகு ஞானஸ்நானம் பெற்று, அந்த வீட்டு மகள் மிதோரியைக் கல்யாணம் செய்துகொண்டார், கதிரியக்க மருத்துவர் ஆனார்.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து உரகாமி பேராலயம் சுமார் 500 மீட்டர். 15-ஆம் தேதி மரியாள் திருநாளுக்காக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. உரகாமிக் கத்தோலிக்கர் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். நகாய் காயத்தோடு பிழைத்தார். பாட்டியோடு மலைப்பக்கம் அனுப்பியிருந்ததால் பிள்ளைகள் இரண்டு பேரும் பிழைத்தார்கள். வீட்டுச் சாம்பலில் மிதோரியின் எலும்புகளையும் பக்கத்தில் உருகிப்போன ஜெபமாலையையும் நகாய் கண்டெடுத்தார்.

கோபுரத்து மணிகள் இரண்டில் ஒன்று நொறுங்கிவிட்டது. பெரிய மணி இடிபாட்டுக்கு அடியில் உடையாமல் கிடந்தது. ஊர்க்காரர்கள் அதைத் தோண்டி எடுத்து, மரக்கட்டைகளை நட்டுத் தொங்கவிட்டு, டிசம்பர் 24 இரவு அடித்தார்கள். அந்த ஊரில் துக்கம் இல்லாத வீடு ஒன்றுகூட இருந்திருக்காது.

இதை அடுத்த நாள் காலையில் காப்பி குடிக்கும்போது அம்மாவிடம் சொன்னேன், ஏழு நாள் வாரக் கணக்கு உட்பட. கணக்கை அவர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. மணி அடித்த இடத்தில் மட்டும், "அன்னைக்கு அவங்க பலகாரம் சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். சாப்பிடவே ஒன்றும் இருந்திருக்காதும்மா என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்போ கொண்டாட வேண்டாம். ஆசரிச்சுக்கிடுவோம்" என்றார்கள். ஆசரிப்பது என்பது வேதாகமத்தில் பஸ்காவுக்கு வரும் சொல். நான் அதைக் கொண்டாட்டம் என்பதற்கு இன்னொரு வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பரணிலிருந்து அப்பா செய்த ஸ்டாரை இறக்கினேன். மூங்கில் சிம்பில் கட்டிய சட்டம், கலர் பேப்பர் இரண்டு பக்கம் கிழிந்திருந்தது. புதுப் பேப்பர் வாங்கி ஒட்டி, வாசலில் கட்டாமல் உள்ளே ஹாலில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். 15-ஆம் தேதி மாவு இடிக்கவில்லை. சித்தப்பா வந்து ஸ்டாரைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சித்தி கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டாருக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜனவரியில் நகைக்கடைக் காலண்டர் வந்தது. அம்மா பென்சிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். ஏப்ரல் 4 ஈஸ்டர், அதிலிருந்து 46 நாள் பின்னால் பிப்ரவரி 17 சாம்பல் புதன், ஏப்ரல் 2 பெரிய வெள்ளி, டிசம்பர் 1 ஸ்டார் என்று எழுதினேன். ஆகஸ்ட் தாளை மட்டும் அம்மா வாங்கி ஒரு கட்டத்தில் தாங்களே எழுதினார்கள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் குறித்த ஒவ்வொன்றையும் சபை காலண்டரோடு ஒத்துப் பார்த்தார்கள்.